திகதி இல்லாதவை

றிஸ்மின்தான் போனில் அந்தப் பொத்தானைக் காட்டினான்.
"அக்கா, வேலைப் பட்டியலையும் கலண்டரையும்
ஒரே திரையில போடலாம். ஓமெண்டு அமத்துங்க."
கிண்ணியாப் பாலத்தடி மீன்வாடியில்
ஐஸ் அறைக்குக் கேஸ் ஏறிக்கொண்டிருந்த நேரம்.
கையெல்லாம் எண்ணெய்.
முழங்கை நுனியால் அமத்தினேன்.

அதுவரைக்கும் அவை இரண்டு வீடு.
பட்டியலில் வேலை இருக்கும், மணி இருக்காது.
கலண்டரில் மணி இருக்கும்,
ஏணியை யார் தூக்குவதென்று இருக்காது.
இரண்டு வீட்டுக்கும் நடுவில்
நான்தான் செய்தி கொண்டுபோனேன்,
பாதியை வழியில் தவறவிட்டு.

இப்போது ஒவ்வொரு வேலையும் ஒரு பெட்டி.
விரலால் இழுத்து நாளுக்குள் விட்டால்
எவ்வளவு நேரம் என்று கேட்கிறது.
நிலாவெளி ஹோட்டல், பதினாலாம் அறை, தண்ணீர்ச் சொட்டு:
ஒன்றரை மணி.
ஓர்ஸ் ஹில் டொக்டரின் தடுப்பூசிப் பெட்டி:
நாற்பது நிமிடம், தள்ளிப்போட ஏலாது.
உப்புவெளியில் கடற்காற்று அரித்த கொயில்:
அதை உப்பிடம்தான் கேட்க வேண்டும்.
இரண்டு மணி என்று பொய் சொன்னேன்.

செவ்வாய் நிரம்பியதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது.
பதினொரு வேலை எழுதி, நாலைச் செய்து,
மிச்சம் ஏழுக்கும் என் சோம்பலைத் திட்டிய வருசங்கள்!
அடுக்கிப் பார்த்தால்
பதினோராவது இரவு ஒன்றேகாலுக்குத்தான் முடிகிறது.
நாள் செய்வது நல்லார் செய்யார் என்பார்கள்.
நாளில் இடமில்லாததையும்
நல்லார் செய்ய ஏலாது போல.

மான்களுக்கு நான் நேரம் ஒதுக்கவில்லை.
புதன் காலை, கோட்டை வாசலுக்குக் கிட்ட
பத்துப் பன்னிரண்டு புள்ளிமான்கள் றோட்டை மறித்து,
யாரோ எறிந்த கல்யாணக் கார்ட்டை
முகூர்த்தத்தோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தன.
ஹோர்ன் அடித்தேன்.
கொம்புள்ள ஒன்று காதை மட்டும் அசைத்தது.
திரையில் என் ஒன்பதரை மெல்லச் சிவந்தது.

அன்றிலிருந்து எல்லா வேலைக்கும் முன்னால்
பதினைந்து நிமிட வெறும்பெட்டி.
பெயர், மான்.
"நிலாவெளியில மான் ஏதக்கா?" என்கிறான் றிஸ்மின்.
கச்சான் காற்று மான்.
கரண்ட் போவது மான்.
"மெக்கானிக் எங்க தங்கச்சி, நீங்க மட்டுமா வந்த?" என்று
கதவைப் பாதி திறப்பவரும்.

திகதி இல்லாதவை மட்டும்
திரையின் உச்சியில் வரிசையாகத் தொங்குகின்றன,
எந்த நாளுக்கும் இறங்காமல்.
வானின் பின்கதவுப் பூட்டு.
பல் டொக்டர்.
சின்ன மகளின் பள்ளிக்கூடக் கடிதம்.
பிறகு, "பரஞ்சோதியிடம் மீற்றரைக் கொடுக்க."
எழுதி முந்நூற்றுப் பதினாறு நாள் என்று
ஓரத்தில் பொடி எழுத்து.
நான் கேட்கவில்லை, தானாகச் சொல்கிறது.

கடை ஒன்றாக இருந்தபோது
சுவர்க் கலண்டரில் நாள் குறிப்பது அவர்.
வேலை எழுதும் கொப்பி என்னிடம்.
பிரிந்த அன்று கலண்டரைக் கழற்றிக்கொண்டு போனார்.
ஆணி எனக்கு.
அவருடைய கேஸ் மீற்றர் என் பையில் கிடந்தது
தற்செயல் என்றுதான்
இதுவரை எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

இழுத்தேன்.
போயா நாள், பின்னேரம் நாலரை, டச்சுக் குடாக் கரை.
எவ்வளவு நேரம்?
மீற்றரை நீட்ட அரை நிமிடம்.
கணக்குக் கதைக்க ஒரு மணி.
கணக்கைக் கதைக்காமல்
இரண்டு பேரும் கடலைப் பார்த்து நிற்பதற்கு
எவ்வளவு போடுவது?
நான் யோசித்து முடிக்குமுன்
முப்பது நிமிடம் என்று தானே நிரப்பிக்கொண்டது.

அதற்கு முன்னால் ஒரு மான் வைத்தேன்.
கொஞ்சம் பொறுத்து,
பின்னாலும் ஒன்று.